கழுவாத கையோடு செய்த ஜெபம்

சகோதர சகோதரிகளே, என் கணவர் பிழைத்த கதையைக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். பாதியில் யாரும் அல்லேலூயா சொல்லிவிடாதீர்கள்.

நான் மலைமேல் ஆலத்தூர் நாட்டில் டீச்சர். போன மழைக்காலத்தில் மலைப்பாதை வளைவில் வண்டி சறுக்கி, என் கணவருக்குக் கால் முறிந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நாலாம் நாள் காயத்தில் சீழ் வைத்தது. ஊசி மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. "இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் அசையலம்மா. பாக்கி ஒரே மருந்துதான். அதுவும் கேக்கலன்னா உயிருக்கு உத்தரவாதம் இல்ல" என்றார் டாக்டர். இடிந்துபோனேன்.

கட்டிலில் கை தேய்க்கும் மருந்து பாட்டில் தொங்கியது. தொடுவதற்கு முன்னும் பின்னும் தேய்க்கச் சொல்லி நர்ஸ் கெஞ்சினாள். "எங்க கையில அபிஷேகம் இருக்கு சிஸ்டர்" என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு! சீழ் ஊறிய காயக்கட்டின் மேல் கை வைத்து அழுது ஜெபித்தேன்.

அடுத்த கட்டிலில் சடையன். எங்கள் மலைக்காரர். மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர். அவர் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க டீச்சர், எங்கூட்டுக்காரருக்கும் ஒருக்கா செபம் பண்ணுங்க சாமி." அதே கையை அவர் கட்டின் மேல் வைத்தேன்.

கர்த்தர் என் கண்ணீரைக் கண்டார். அந்தக் கடைசி மருந்து வேலை செய்தது. இன்று என் கணவர் நடக்கிறார். ஸ்தோத்திரம்.

சடையனுக்கும் சீழ் வைத்தது. பரிசோதித்தார்கள், அதே கிருமி. அந்த மருந்தை அவர் சிறுநீரகம் தாங்கவில்லை. முழங்காலுக்கு மேல் காலை எடுத்துவிட்டார்கள். நர்ஸ் என்னைத் திட்டவில்லை. "அவரையும் தொட்டீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். கிருமியை நான்தான் கொண்டுபோனேன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் போய்க் கை வைக்கிறோமே, நம்மில் ஒருவராவது கழுவினோமா? நான் இப்போது கழுவுகிறேன். பெரும்பாலும் வார்டு வாசலிலேயே நின்று ஜெபிக்கிறேன். அங்கிருந்தும் கர்த்தருக்குக் கேட்கிறது. நம்பிக் கூப்பிடுங்கள்.

போன வாரம் சடையன் மனைவியைப் பஸ்ஸில் பார்த்தேன். "நீங்க செபம் பண்ணதாலதானுங்க டீச்சர், உசுராவது தங்குச்சு" என்று கும்பிட்டாள். என் நிறுத்தம் வருமுன்பே இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.