கல்லூரியை மதிப்பிட வந்தவர்கள்

டண்டினொங் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் எங்கள் கல்லூரி இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அங்கே நேர்சிங் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். வகுப்புகள் நடந்தன. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழகும் பயிற்சி மட்டும் வரவேயில்லை. அது இல்லாமல் நேர்ஸாகப் பதிய முடியாது. கேட்கும்போதெல்லாம் பொறுப்பாளர் பெண்மணி, "அடுத்த மாதம்" என்பார். கோடை போய்க் குளிரும் வந்துவிட்டது. வாங்கிய சீருடை அலுமாரிக்குள் மடிப்புக் குலையாமல் கிடந்தது.

பாடநெறிகளை மதிப்பிடும் சபையிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஒருநாள் அறிவித்தார்கள். உடனே செய்முறை அறைக்குப் புதுக் கட்டில்கள் வந்தன. பொறுப்பாளர் எங்களைக் கூட்டி, "நல்லதைச் சொல்லுங்கள். கல்லூரி மூடினால் போவது உங்கள் படிப்புத்தான்" என்றார்.

என்னோடு படித்த மன்னார்ப் பெண், மாணவர் விசாவில் வந்தவள். "அக்கா, உங்களுக்கு பி.ஆர். இருக்கு, இங்க நிரந்தரமா இருக்கலாம், கதைக்கலாம். நான் வாய் திறந்தா விசாவுக்குப் பிரச்சினை வந்திடும்" என்றாள். அவளுக்கும் சேர்த்து நானே பேசுவதென்று முடிவுசெய்தேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். எங்களைத் தனியாக உட்காரவைத்து, நூலகம் எப்படி, விரிவுரையாளர்கள் நேரத்துக்கு வருகிறார்களா, உட்காரும் கதிரைகள் வசதியா என்றெல்லாம் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த கோபத்தில் ஆங்கிலம் நாக்கிலேயே நின்றுவிட்டது. அவர்கள் கடதாசிகளை அடுக்கத் தொடங்கியபோது, மன்னார்ப் பெண் எழுந்தாள்.

"நாங்கள் இன்னும் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இருவரும் திரும்ப உட்கார்ந்தார்கள். பிறகு எல்லோருமே பேசினோம். புதுக் கட்டில்கள் வந்த கதையையும் சொன்னோம்.

படியிறங்கும்போது, "விசா எண்டு பயந்தனியெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. ஆனா கதிரை வசதியோ எண்டு கேக்கேக்க எனக்கு விசர் வந்திட்டுது."

சில மாதங்களில் கல்லூரியை மூடினார்கள். மூடியது சரிதான். எங்கள் கதி என்ன என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டியது. அலைந்து அலைந்து, நகரின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. மன்னார்ப் பெண்ணின் விசாவும் தப்பியது. ஆனால் குறைபாடுள்ள பாடநெறியில் படித்தவர்கள் என்பதால், படித்த ஒரு பாடத்தையும் கணக்கில் எடுக்கமாட்டார்களாம். முதலிலிருந்து படிக்கவேண்டும். குறையைச் சொன்னவர்களும் நாங்கள், அதற்காகத் தள்ளப்பட்டதும் எங்கள் படிப்பே.

"படிச்சது காணும், நீ விட்டிட்டு வேலைக்குப் போவன்" என்றார் கணவர். அன்று அவரோடு நான் கதைக்கவில்லை.

புதிய இடத்தில் முதல் பாடம் கைகழுவும் முறை. "இதை முன்பே படித்தவர்கள் இருக்கிறீர்களா?" என்று விரிவுரையாளர் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். பக்கத்திலிருந்த மன்னார்ப் பெண் அதைப் பிடித்து இறக்கினாள்.

"சும்மா இருங்கோ அக்கா. எங்கட கதையை விளங்கப்படுத்த வெளிக்கிட்டா இண்டைக்குப் பாடம் நடவாது."

அங்கே சொன்ன மாதத்திலேயே எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இருவரும் நேர்ஸாகப் பதிந்தோம். ஆனாலும் அந்த மேல்மாடியில் வீணாய்ப்போன காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.