மூட்டை அக்கா வாயில இருந்த பென்சில்

இன்னைக்கு யாரோட வேன்ல மலையேறினேன்னு தெரிஞ்சா, பழைய இன்ஜின் பைத்தியம் புடிச்சவங்க எல்லாரும் என் மேல பொறாமைப்படுவீங்க. மூட்டை அக்கா! மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு துவைச்ச பெட்ஷீட்டை மூட்டை மூட்டையா கொண்டு போறவங்க. பேரு வார்டு ஆளுங்க வெச்சது. வந்த சூட்டோட டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கால் உடைஞ்சு அந்த ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற அத்தை பையனைப் பாக்கக் கிளம்பினேன். பஸ் போயிருச்சு. அடிவாரத்துல நின்னா ஒரு வெள்ளை வேன் வருது, கார்புரேட்டர் வண்டி, சத்தத்துலயே தெரியுது. கையைக் காட்டினேன், நிறுத்தினாங்க. முன் சீட்டுல ஒரு அம்மா, மடியில குடையும் ஹேண்ட்பேக்கும். அக்கா பின்னாடி ஏறச் சொன்னாங்க. ஸ்டெப்னி மேல உக்காரு, மூட்டையைத் தொட்டா கையை ஒடிச்சு அதே ஆஸ்பத்திரியில சேத்துடுவேன்னு ஒரு வார்த்தை. சரின்னு ஏறினேன்.

அந்த அம்மாதான் சலவைக் கம்பெனி முதலாளியம்மா. ஏன் கூட வர்றாங்கன்னா, போன வாரம் இதே ஏத்தத்துல வேன் கொதிச்சு நின்னு, பெட்ஷீட் லேட்டாகி, ஆபரேஷன் தியேட்டர்ல எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு காத்திருந்தாங்களாம். முதலாளியம்மாவுக்கு நல்ல டோஸ். அதனால இன்னைக்கு நேர்ல பாக்க வந்துட்டாங்க. ஒழுங்கா ஏறினா சரி. வழியில நின்னா இதுதான் அக்காவோட கடைசி நடை, திங்கக்கிழமையில இருந்து வேற வண்டி. இதை முதலாளியம்மா கோபமா எல்லாம் சொல்லல. சீட்டு அழுக்கா இருக்குன்னு சொல்ற அதே குரல்ல சொன்னாங்க. அக்காவும் அலட்டிக்கல. ஏறும்மா, கண்டிப்பா ஏறும், காலையிலதான் டைமிங் வெச்சேன்னாங்க.

டைமிங்னா என்னன்னு முதலாளியம்மா கேட்டதுக்கு அக்கா சொன்ன விளக்கத்தை நான் ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன். ஒருத்தர் வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டா கொஞ்சம் முன்னாடி போகணும். ரொம்ப முன்னாடி போனா அந்த வீட்டம்மா குளிச்சிருக்கவே மாட்டாங்க, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. லேட்டா போனா எல்லாம் ஆறிப்போயிருக்கும். பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடி ஸ்பார்க் வர்றதும் அப்படித்தான். சீக்கிரம் வந்தா இன்ஜின் தட்டும், லேட்டா வந்தா சோம்பி சூடாகும். போன வாரம் ஸ்பார்க்கை விடுற பாயிண்ட் தேஞ்சு, அது லேட்டாயிருச்சு, அதான் கொதிச்சுது. புது பாயிண்ட் போட்டு, லைட் அடிச்சு மறுபடி வெச்சாச்சு.

இந்த வேன் அக்காவோட அப்பா வீட்டுல இருந்து கல்யாணத்தோட வந்தது. அதனால அவங்க வீட்டுக்காரர் அதை மாமியார்னுதான் கூப்பிடுவாராம். மாமியாருக்கு ஆயில் மாத்தினியா, மாமியார் இன்னைக்கு இருமுறாங்களேன்னு. அவர் டைலர். வீட்டு முன் ரூம்ல அவர் தையல் மெஷின், பக்கத்து ஷெட்ல மாமியார்.

அக்கா ரிப்பேர் கத்துக்கிட்டது ரோஷத்துல. ஒரு மெக்கானிக், ஸ்பார்க்கைப் பங்கிட்டு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற ரப்பர் குழாய்ல ஒரு போல்ட்டைச் சொருகி, இது தேவையே இல்லாத குழாய்னு சொல்லி அனுப்பிட்டாரு. அன்னையில இருந்து வண்டி பெட்ரோலைக் குடிக்குது, சமதரையிலயே மூச்சு வாங்குது. தேவையில்லாததை எதுக்கு கம்பெனிக்காரன் வெச்சான்னு அக்காவுக்கு ஒரே குடைச்சல். ஒருநாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, அந்தக் குழாயை வாயில வெச்சு உறிஞ்சிப் பாத்திருக்காங்க. உள்ள பாயிண்ட் உக்காந்திருக்கிற தட்டு லேசா நகருது. விட்டா திரும்பி வருது. அப்போ பக்கத்துல வந்த பொண்ணு கேட்டாளாம், அம்மா, வண்டியில இருந்து ஜூஸ் குடிக்கிறியான்னு.

அதுதான் வேக்குவம் அட்வான்ஸ் மக்களே. சும்மா சமதரையில போகும்போது இன்ஜின் நல்லா உறிஞ்சும், தட்டு நகரும், ஸ்பார்க் இன்னும் சீக்கிரம் வரும். ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சா உறிஞ்சல் குறையும், தட்டு திரும்பிடும். இதை ஒரு ஆள் வாயாலயே கண்டுபுடிச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. அன்னையில இருந்து அக்காவுக்கு ஒரு பழக்கம். டைமிங் வைக்கும்போது அந்தக் குழாயைக் கழட்டி அடைச்சுத்தான் வைக்கணும். அக்கா அடைக்கிறது வீட்டுக்காரரோட குட்டிப் பென்சிலால. வேலை முடிஞ்சு குழாயைத் திரும்ப மாட்டினதும் பென்சிலை வாயில கடிச்சுக்குவாங்க. வண்டியை ஓட்டிப் பாத்து முடிக்கிற வரைக்கும் எடுக்க மாட்டாங்க. பென்சில் வாயில இருந்தா குழாய்க்குள்ள இல்லைன்னு அர்த்தம். அந்த மெக்கானிக்கோட போல்ட் கதை தன் கையால நடக்கக் கூடாதாம்.

சரி, ஏத்தத்துக்கு வர்றேன். முதல் வளைவு வெண்ணெய் மாதிரி போச்சு. முதலாளியம்மாவே குடையை மடியில இருந்து எடுத்து ஓரமா வெச்சாங்க. ரெண்டாவது வளைவுல ரோடு செங்குத்தா எழும்புது, அக்கா மிதிக்கிறாங்க, அப்பதான் அந்தச் சத்தம். டப்பாவுக்குள்ள கோலிகுண்டு போட்டு குலுக்கின மாதிரி கலகலன்னு. இன்ஜின் தட்டுது. சூடு முள் இன்னும் நடுவுலதான் நிக்குது. இப்படியே தட்டிக்கிட்டே மேல வரைக்கும் இழுத்துடலாம், முதலாளியம்மாவுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. ஆனா உள்ள பிஸ்டன் அடி வாங்கும்.

அக்கா வண்டியை ஓரங்கட்டினாங்க.

முதலாளியம்மா வாட்சைப் பாத்தாங்க. "நின்னுருச்சு."

"வண்டி நிக்கலம்மா. நான் நிறுத்தினேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்ல. தட்டத் தட்ட ஓட்டி இன்னைக்கு உங்ககிட்ட நல்ல பேரு வாங்கிடுவேன். அடுத்த மாசம் பிஸ்டன் ஓட்டையாகி தியேட்டர் முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பேன். கொஞ்சம் பொறுங்க."

முதலாளியம்மா இறங்கிப் போயிடல, குடையை மறுபடி மடியில எடுத்து வெச்சுக்கிட்டாங்க. அதையே சம்மதமா எடுத்துக்கிட்டு அக்கா பானெட்டைத் தூக்கினாங்க. ரப்பர் குழாயைக் கழட்டி, பென்சிலால அடைச்சு, அப்படியே கொஞ்ச தூரம் ஏத்திப் பாத்தாங்க. இப்பவும் கோலிகுண்டு. அப்போ குழாய் மேல பழி இல்ல. அடிப்படை டைமிங்கே முன்னாடி போயிருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு உதை உதைச்சுதாம். டிஸ்ட்ரிபியூட்டரையும் வழக்கத்தை விட கொஞ்சம் கூடுதலா திருப்ப வேண்டியிருந்துச்சாம். புது பாயிண்ட்தானேன்னு விட்டுட்டாங்க.

மறுபடி ஓரங்கட்டி, இன்ஜினை அணைச்சு, குனிஞ்சு இன்ஜின் முன்னாடி சுத்துற புல்லிச் சக்கரத்தைப் பாத்தாங்க. லைட் அடிச்சுப் பாக்க வேண்டிய கோடு அதுலதான் இருக்கும், பளிச்சுன்னு தெரிய சாக்பீஸ் தடவுவாங்க. வெள்ளையா, நேரா, அழகா ஒரு கோடு. அக்கா துணியால அழுத்தித் துடைச்சாங்க. துடைச்சா, கிரீஸ் அப்பின இடத்துல இன்னொரு கோடு இருக்கு. மெலிசா, அளவா. அதுதான் நிஜம். சாக்பீஸ் போட்டது, எப்பவோ புல்லியைக் கழட்டும்போது கம்பி கீறின தழும்பு மேல.

அக்கா சிரிச்சாங்க பாருங்க, எனக்கு பயம் போச்சு. உடனே வீட்டுக்காரருக்கு போன், ஸ்பீக்கர்ல.

"என்னங்க, காலையில மாமியாருக்கு பொட்டு வெச்சு விட்டீங்களா?"

"ஆமா, நீ பதட்டமா இருந்தே, ஒரு வேலை குறையட்டும்னு நானே போட்டு வெச்சேன். தெளிவா தெரிஞ்சுதா?"

"ரொம்பத் தெளிவா. கம்பி கீறினது மேல போட்டிருக்கீங்க. பட்டன் ஓட்டைக்கும் எலி கடிச்ச ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்னுபோச்சு. "முதலாளியம்மா இருக்காங்களா?" மெதுவா கேக்குறாரு.

"இருக்கேன்பா, இருக்கேன்," முதலாளியம்மா முன் சீட்டுல இருந்தே சொன்னாங்க. "போன மாசம் குடுத்த ஜாக்கெட்டை கொஞ்சம் பாத்து வெட்டுங்க." அவர் போனை வெச்சுட்டாரு.

வாழ்க்கை முழுக்க சாக்பீஸ் கோடு போடுற மனுஷன், தப்பாவா போடுவாருன்னு நம்பிட்டேன்னாங்க அக்கா. சொல்லிக்கிட்டே சரியான கோட்டுல சாக்பீஸ் தடவி, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒரு தடவை மின்னுற டைமிங் லைட்டை பேட்டரியில மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாங்க. ஆனா உச்சி வெயில். லைட் மின்னுறது கண்ணுக்கே தெரியல. அக்கா கையை வெச்சு மறைச்சுப் பாக்குறாங்க, நான் சட்டையை விரிச்சுப் புடிச்சேன், ஒண்ணும் நடக்கல.

கதவு திறக்கிற சத்தம். முதலாளியம்மா இறங்கி வந்து, குடையை விரிச்சு, பானெட்டுக்கு மேல புடிச்சாங்க. காத்துல புடவைத் தலைப்பு ஃபேன் பக்கம் பறக்க, இன்னொரு கையால அதை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, குனிஞ்சு அவங்களும் உத்துப் பாத்தாங்க. நிழல் விழுந்ததும் சுத்துற புல்லியில அந்த வெள்ளைக் கோடு அப்படியே நிக்கிற மாதிரி தெரிஞ்சுது. பக்கத்துல இன்ஜின்ல அசையாம நிக்கிற அளவு முள்ளை விட்டு எங்கேயோ தள்ளி. அக்கா டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையா திருப்ப, கோடு நகர்ந்து நகர்ந்து முள்ளுக்கு நேரா வந்து நின்னுச்சு.

"வந்துருச்சு," இதைச் சொன்னது முதலாளியம்மா.

நட்டை இறுக்கி, பென்சிலைப் புடுங்கி, குழாயை மாட்டினாங்க அக்கா. பென்சில் வாய்க்குப் போச்சு. அப்புறம் அந்த ஏத்தம், நான் என்ன சொல்ல, மூட்டையெல்லாம் பின்பக்கம் சாய, வேன் ஒரே மூச்சுல ஏறுச்சு. கோலிகுண்டு இல்ல. சூடு முள் நடுவை விட்டு அசையல. நான் ஸ்டெப்னியில உக்காந்து சிரிச்சுக்கிட்டே வந்தேன், ஏன்னு தெரியல, கண்ணு வேற கலங்கிருச்சு.

மேல வார்டு ஆயாம்மா மூட்டையை வாங்கிக்கிட்டு, இன்னைக்கு நேரத்துக்கே வந்துருச்சேன்னாங்க. முதலாளியம்மா குடையை மடக்கினாங்க.

"திங்கக்கிழமை நான் வரமாட்டேன்," அக்காவைப் பாத்து சொன்னாங்க. "நீயே வந்துக்கோ. வழியில நிறுத்தணும்னா நிறுத்திக்கோ."

அக்கா வாயில இன்னும் பென்சில். தலையை மட்டும் ஆட்டினாங்க.

இதை உங்க பழைய வண்டி குரூப்ல எல்லாம் தட்டி விடுங்க. முக்கியமா, அந்த ரப்பர் குழாய் தேவையில்லன்னு எவனாவது அடைச்சுக் குடுத்த வண்டியை ஓட்டுறவங்களுக்கு. சாயங்காலம் டைலர் கடை பக்க ஷெட்ல பானெட் திறந்திருந்தா தைரியமா உள்ள போங்க, அக்கா கடிக்க மாட்டாங்க, பென்சிலைத்தான் கடிப்பாங்க. டைலர்கிட்ட மட்டும் சாக்பீஸ் பத்தி கேக்காதீங்க, பாவம் மனுஷன்.