முந்தானைக்குள் ஓடிய பாம்பு

இப்போது நம் கையில் இருக்கும் கண்ணாடிப் பலகையில், திரையைப் பார்க்காமல் ஒரு வரி அடித்துக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீஸில் மீட்டிங் நடுவே, மேஜைக்கடியில் வைத்து, வர நேரமாகும் என்று வீட்டுக்கு அடித்தேன். போய்ச் சேர்ந்தது எந்த பாஷை என்று வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. என் அத்தைக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவளிடம் இருந்தது பட்டன் போன். ஐந்தாம் எண்ணின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். கட்டைவிரல் அதைத் தொட்டுவிட்டால் போதும், மற்ற எழுத்தெல்லாம் தானாக வந்துவிடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஆசைப்பட்ட வேலை கிடைத்து, கழக்கூட்டத்துக்கு பஸ்ஸில் போய் வர ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட்டு நாக்பூருக்கு வரவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அதில் ஆட்சேபமே இல்லை. பார்த்த கையோடு தாம்பூலம் மாற்றி நிச்சயம் செய்துவிடுவதாகத் திட்டம். வெற்றிலைத் தட்டுகூடத் தயாராக இருந்தது.

காலையில் அத்தை சமையலறையில் அம்மாவிடம் அழுதாள். "ஜோலியை விட்டுட்டு நான் போகமாட்டேன், மன்னி. நான் சொன்னா அண்ணா கேக்கமாட்டான். அந்த மாப்பிள்ளையா வேண்டாம்னு சொன்னாத்தான் உண்டு." அம்மா கேசரியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் மாப்பிள்ளையே அப்பாவின் போனில் கூப்பிட்டு வழி கேட்டார். பேசி முடித்து அப்பா குளிக்கப் போனதும், அந்தப் போனை எடுத்துவரச் சொல்லி அத்தை என்னை அனுப்பினாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மணி பார்த்தாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்து ஜமக்காளத்தில் அத்தை தலை குனிந்து உட்கார்ந்தாள். அவளை ஒட்டிக்கொண்டு நான். "என்ன அடக்கம், கேட்டேளா" என்று மாப்பிள்ளையின் அம்மா மெச்சினாள். எனக்கு மட்டும்தான் தெரிந்தது, பட்டுப்புடவை முந்தானைக்குள் அத்தையின் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தையின் போனில் எனக்குத் தெரிந்த ஒரே காரியம் பாம்பு விளையாட்டு. இந்த நேரத்தில் போயா விளையாடுவாள்? பாம்பு தன் வாலையே கடித்துவிட்டால் போன் சத்தம் போடுமே, அப்பா காதில் விழுந்தால் தொலைத்துவிடுவாரே என்று அவளை இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன். அத்தையோ கண்ணை ஜமக்காளத்தை விட்டு எடுக்கவில்லை. மூக்கு நுனியில் மட்டும் வியர்த்திருந்தது.

பேச்சு சட்டென்று நின்றது. அந்த அமைதியில் முந்தானைக்குள் பட்டன் டுக் டுக் என்றது. "அதென்ன சத்தம்?" என்று அப்பா திரும்பினார். யோசிக்காமல் நான் என் பஜ்ஜித் தட்டில் விரலால் தாளம் போட ஆரம்பித்தேன். "கையை வெச்சுண்டு சும்மா இரு" என்று அவர் முறைத்த முறைப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் முந்தானையின் அசைவு நின்றிருந்தது.

"பின்னே என்ன, தாம்பூலம் மாத்திக்கலாமே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா தட்டை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். அப்போதுதான் மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் கீச்சிட்டது. எடுத்துப் பார்த்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார். அத்தையின் பக்கம் திரும்பவே இல்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "வேண்டாம்மா. எனக்கு இது சரியா வரும்னு தோணலை" என்றார்.

தட்டு அப்பாவின் கையிலேயே நின்றது. என் அத்தைக்கு என்ன குறைச்சல்? எனக்கு வந்த கோபத்தில், அவர்கள் கிளம்புமுன் வாசலுக்கு ஓடிப்போய் அவருடைய செருப்பில் ஒன்றைச் சாக்கடையில் தள்ளிவிட்டேன். அவர் குனிந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். அந்த ஈரச் செருப்பையே மாட்டிக்கொண்டு நடந்தார். மரியாதை தெரியாதவன் என்று அப்பா அவரை நாள் முழுக்கத் திட்டினார்.

சாயங்காலம் அத்தை தானாகவே போனை என்னிடம் நீட்டினாள். "எவ்வளவு நேரம் வேணுமானாலும் விளையாடிக்கோ" என்றாள். முதல் வேலையாகப் பாம்பு விளையாட்டில் யார் முதலிடம் என்று பார்த்தேன். முந்தின நாள் நான் எடுத்த புள்ளிகள்தான் அப்படியே மேலே இருந்தன. அவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்து ஆடியும் என்னைத் தாண்ட முடியவில்லையே என்று அத்தையை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.