நடு வரிசைப் பெட்டி

என் வீட்டுக்காரிக்குத் துறைமுகத்துல 'பிரிச்சுக்காட்டு'ன்னு பேரு. யார் எந்தச் சரக்கைக் கொண்டுவந்தாலும் அவ வாயில முதல்ல வர்ற வார்த்தை அதுதான். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புறவங்களுக்குக் கஸ்டம்ஸ் காகிதமெல்லாம் போட்டுக் கொடுக்குற லைசென்ஸ் அவ பேர்ல இருக்கு. ஆபீஸ்ல அவ முதலாளி, நான் ஓட்டக்காரன். ஃபைலைத் தூக்கிட்டு ஜன்னல் ஜன்னலா நிக்கணும், கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும், சாயங்காலம் திட்டு வாங்கணும்.

மத்த ஏஜென்ட்டுங்க சரக்குப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டாங்க. அனுப்புறவன் கொடுக்குற இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் பார்த்துப் பதிவு பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. இவ மட்டும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சரக்கு ஏத்துற யார்டுக்குப் போயி, கன்டெய்னர் கதவைத் திறக்கச் சொல்லி நிப்பா. கதவோரப் பெட்டியைக் காட்டினா முகத்தைத் திருப்பிக்குவா. நல்ல சரக்கைக் கதவுகிட்ட வச்சுட்டு, தில்லுமுல்லை உள்ளே அடுக்குறதுதான் ஏமாத்துறவன் வேலை. அதனால, "நடு வரிசைல ஒண்ணை எடு"ம்பா. பித்தளைக் குழாய்ன்னு எழுதிட்டுத் துருப்புடிச்ச இரும்பை அனுப்பப் பார்த்த பெரிய மனுஷன் ஒருத்தரை அப்படித்தான் புடிச்சா. அந்த ஆள் இன்னிக்கும் எங்களைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போயிடுவாரு.

வீட்டுலயும் இதே கூத்துதான். எங்க கல்யாணத்துக்கு வந்த பரிசை எல்லாம், கொடுத்தவங்க நிக்கும்போதே பிரிச்சுப் பார்த்த மகராசி. சுவர்க்கடியாரத்துல பேட்டரி இல்லன்னு கேட்டு வாங்கிட்டா. என்னை மட்டும் எப்படிப் பிரிச்சுப் பார்க்காம கட்டிக்கிட்டான்னு எனக்கு இன்னும் புரியல.

இவளுக்கு ஒரே தம்பி. இவ கையால சோறூட்டி வளர்த்த புள்ள. ஆனா தொட்டது எதுவும் துலங்காத ராசி. செல்போன் கடை வச்சான், மூடினான். பிரின்டிங் மெஷின் வாங்கினான், அதை விக்கிறதுக்குள்ள நாக்குத் தள்ளிப்போச்சு. கடைசியா துணிப் பொம்மை தைக்க ஆரம்பிச்சான். கரடி, முயல், குட்டி யானை. எப்படியோ ஒரு வெளிநாட்டுக் கடைக்காரர் கண்ணுல பட்டு, ஒரு கன்டெய்னர் நிறைய ஆர்டர் புடிச்சுட்டான்.

"அக்கா, இதுவும் போச்சுன்னா நான் ஊர்ல தலைகாட்ட முடியாது"ன்னு காகிதத்தைக் கொண்டுவந்து வச்சான்.

குழந்தைங்க கட்டிப்புடிச்சுத் தூங்குற பொம்மை. அதனால உள்ளே புதுப் பஞ்சுதான் இருக்கணும்னு அந்த நாட்டுல கண்டிப்பு. கந்தலைக் கிந்தலைத் திணிச்சு அனுப்பினா சரக்கும் போச்சு, புதுப் பஞ்சுன்னு எழுதிக் கொடுத்த ஏஜென்ட்டோட லைசென்ஸும் போச்சு. எங்க ரெண்டு பேர் சோறும் அந்த ஒரு லைசென்ஸ்லதான் இருக்கு.

எனக்குத்தான் முதல்ல உறுத்துச்சு. பேக்கிங் லிஸ்ட்ல எடை ரொம்பத் தூக்கலா இருந்துச்சு. மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்பாங்க, பஞ்சுப் பொம்மைக்கு எங்கேருந்துய்யா இத்தனை கனம்? இவகிட்ட காட்டினேன். பார்த்தா. ஃபைலை மூடி வச்சுட்டா. வேற யாராவதா இருந்தா அந்நேரத்துக்கு ஃபைல் பறந்திருக்கும்.

மறுநாள் யார்டுக்குப் போனோம். சாயங்காலத்துக்குள்ள கன்டெய்னர் துறைமுக கேட்டைத் தாண்டலன்னா கப்பல் போயிடும். தம்பி கதவோரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தான். இவ கத்திரியால கரடி வயித்தைக் கிழிச்சா. வெள்ளை வெளேர்னு பஞ்சு. முயலைக் கிழிச்சா, அதுவும் வெள்ளை.

"போதுமாக்கா?"

"நடு வரிசைல ஒண்ணை எடு."

பய முகம் செத்துப்போச்சு. "வேணாம்க்கா. உள்ளே கை வச்சா திரும்ப அடுக்கி முடிக்கிறதுக்குள்ள கேட்டை மூடிடுவாங்க."

"எதுக்கு மாப்ளே இப்படி வேர்க்குது?"ன்னு கேட்டேன்.

"வெயில் மாமா."

வானம் கம்முன்னு மூடிக் கிடந்துச்சு. வெயிலாம் வெயில்.

சுமை தூக்குறவரு ஒரு காலை உள்ளே வச்சுட்டாரு. இவ கத்திரியோட நிக்கிறா. தம்பியைப் பார்த்தா, உள்ளே இருட்டைப் பார்த்தா. அப்புறம் கத்திரியைக் கைப்பைக்குள்ள போட்டா. "போதும். கதவைச் சாத்துங்க."

யார்டே வாயைப் பொளந்துச்சு. "நம்ம அக்காவும் ஒரு ஆளை நம்பிட்டாங்கப்பா"ன்னு மேற்பார்வைக்காரர் சிரிச்சாரு. தம்பி கண்ணுல தண்ணி. எனக்கு மட்டும் சந்தேகம் விடல. அவ நம்புற முகம் எனக்குத் தெரியும். நம்பிட்டா உடனே டீ கேப்பா. அன்னிக்கு அந்தக் கன்டெய்னர் இருந்த பக்கம்கூட அவ திரும்பல.

திரும்பி வரும்போது வண்டியில பின்னாடி உக்காந்திருந்தவகிட்ட கேட்டேன். "ஒரு பெட்டியைப் பிரிச்சிருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"உள்ளே கந்தல் இருந்துச்சுன்னா?"ன்னு கேட்டா. "பார்த்துட்டா அதிகாரிகிட்ட நான்தாங்க எழுதிக் கொடுக்கணும். அவன் பேரை, என் கையால"ன்னா.

ஆபீஸுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுட்டா. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். ஆடட்டும், லைசென்ஸையும் சேர்த்தா ஆட்டணும்? எனக்கு வந்த கோவத்துக்கு அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்ல. அவளும் கூப்பிடல.

கப்பல் போய்ச் சேர்ற வரைக்கும் வீடு வீடா இல்ல. போன் அடிச்சா எடுங்கன்னு என்கிட்ட நீட்டுவா. அதிகாரி ஒருத்தர் சும்மா சிரிச்சாக்கூட, "எதுக்குங்க சிரிச்சாரு?"ன்னு என்னைக் குடைவா. அக்காவும் தம்பியும் ஏதோ எனக்குத் தெரியாம மறைக்கிறாங்களோன்னு எனக்கு அவ மேலயே சந்தேகம். ஒரு நாள் சும்மா போற மாதிரி அவன் பட்டறைக்குப் போனேன். மூலைல ஒரு குவியல் கந்தல்.

"இது எதுக்கு மாப்ளே?"

"மெஷின் துடைக்க மாமா."

மெஷின் துடைக்க மூட்டைக்கணக்குலயா? இவகிட்ட அதை நான் சொல்லல. சொல்லியிருந்தா அங்கேயே விழுந்திருப்பா.

கடைசில ஒரு நாள் மத்தியானம் அவனே வீட்டுக்கு வந்து நின்னான். வாயெல்லாம் பல்லு. அந்த நாட்டுல பெட்டி பெட்டியாப் பிரிச்சுப் பார்த்தாங்களாம், ஒரு குறை இல்லையாம், அடுத்த ஆர்டரும் கொடுத்துட்டாங்களாம்.

"அப்ப அந்தக் கனம்?"னேன்.

நெளிஞ்சான். "நடு வரிசை அடிப்பெட்டியெல்லாம் கப்பல்ல நசுங்கிடும்னு பயம் மாமா. பெட்டிக்குள்ள பெட்டி வச்சுட்டேன். பிரிச்சா அக்கா பார்த்துட்டு, அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு செலவாடான்னு யார்டுல எல்லார் முன்னாடியும் திட்டுவாளேன்னுதான் வேர்த்துப்போச்சு."

அப்ப அந்தக் கந்தலும் நிஜமாவே மெஷின் துடைக்கத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கல. அவன் சிரிக்கல. அக்காவைப் பார்த்தான். "நீங்களே என்னைச் சந்தேகப்பட்டீங்க மாமா. ஊரே என்னை உதவாக்கரைன்னு சொல்லுது. அக்கா ஒருத்திதான் என்னை நம்பினா. அது போதும் எனக்கு."

இவ வாயைத் திறந்தா. உண்மையைச் சொல்லிடுவாளோன்னு நினைச்சேன்.

"சாப்டியாடா?"ன்னு கேட்டா.

சோத்தைப் போட்டுட்டு அடுப்படிக்குள்ள போனவ வரவே இல்ல. எட்டிப் பார்த்தேன். சுவத்துல சாஞ்சு நின்னு அழுதுட்டு இருந்தா.

"எதுக்கு இப்ப அழற? நல்லபடியா முடிஞ்சுதுல்ல? நீதானே அவனைக் காப்பாத்தின"ன்னேன்.

"அன்னிக்கு என் மனசுல நான் காப்பாத்தினது ஒரு திருடனைங்க"ன்னா. "என் தம்பியை இல்ல."

வெளியேருந்து அவன் தண்ணி கேட்டான். முகத்தைக் கழுவிட்டு, "இதோ வரேன்டா"ன்னு செம்பை எடுத்துட்டுப் போனா.