துருப்பிடிக்காத கம்பி

தெல்ஃபினா எனக்குத் தங்கை முறை. என் அம்மாவும் அவள் அம்மா கிராஸியானாவும் கூடப் பிறந்தவர்கள். அவர்களுக்கு மேலே மூன்று அண்ணன்மார். ஆடு மேய்க்க முதலில் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தது அவர்கள்தான். அப்புறம்தான் தங்கைகளை வரவழைத்தார்கள். சித்தி கிராஸியானா கடைக்குட்டி. அவளுக்கு முதலில் தெல்ஃபினா பிறந்தாள். பிறகு வெகுகாலம் தொட்டில் சும்மா கிடந்தது. இனி இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட பிறகு பெயோ பிறந்தான். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் தெல்ஃபினாதான்.

அவள் வாழ்க்கையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு லாரி ஓட்டினான். ஒரு நாள் பாய்சி நகரத்துப் பக்கம் லோடு கொண்டுபோனவன் திரும்பவில்லை. யாராவது கேட்டால், "உருளைக்கிழங்கு போய்ச் சேந்துடுச்சாம். மத்தது எனக்குத் தெரியாது" என்பாள். அதற்குமேல் அவனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆகஸ்டில் மழையில்லாத இடி விழுந்து ஹாரோ ஓடைப் பக்கம் தீப்பிடித்தது. எங்கள் நிலமெங்கும் மண்டிக் கிடக்கும் சேஜ்புதருக்குத் தீ என்றால் எண்ணெய் ஊற்றின மாதிரி. பச்சையாக இருந்தாலும் எரியும். சித்தி வீட்டு மாடுகள் வேலிக்குள் மாட்டிக்கொண்டன. கம்பியை வெட்டிவிட்டு வருகிறேன் என்று பெயோ நாலுசக்கர பைக்கில் போனான். மாடுகள் பாதி தப்பி வந்தன. பைக்கின் எலும்புக்கூடு வேலிக் கதவடியில் கிடைத்தது. கம்பி வெட்டும் கத்திரி கிடைத்தது. பெயோ கிடைக்கவில்லை. ஷெரீப்பின் ஆட்கள் வரிசையாக நடந்து தேடினார்கள், மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. பிறகு காற்று வந்து சாம்பலை மலைமலையாகப் புரட்டிப் போட்டது. தேடினவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாதிரியார் வந்து பூசை வைக்கலாம் என்றார். எங்கள் வீட்டுப் பெண்கள் செத்தவருக்காகக் கோவிலில் மரப்பலகையில் சுற்றிய மெழுகுச் சுருள் ஏற்றுவார்கள். ஏற்றினால்தான் போனவனுக்குப் போகிற வழி தெரியும் என்பது பழைய சொல். சித்தி ஏற்ற மறுத்துவிட்டாள்.

"எம்புள்ளையில ஒரு துண்டாவது என் கையில கொண்டாந்து குடுங்க. அப்பறம் ஏத்தறேன். சும்மா காத்துக்கு மெழுகு ஏத்த நான் என்ன பைத்தியமா?"

பாதிரியார் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சித்தி சாப்பாட்டு மேசையில் பெயோவின் தட்டை எடுக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் அது வெறுமையாக இருக்கும், கழுவித் துடைத்து. அவன் நாற்காலியில் தெரியாமல் ஒருதரம் உட்கார்ந்துவிட்டேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் எழுந்துவிட்டேன்.

தெல்ஃபினா சமையல் வேலையை விட்டாள். வெந்த நிலத்தில் என்ன முளைக்கிறது என்று பார்க்க வருஷா வருஷம் அரசாங்கம் ஆள் எடுக்கும், அதில் சேர்ந்தாள். ஐம்பது தாண்டினவளுக்கு எதற்கு இந்த வெயில் வேலை என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேலையில் நாள் முழுக்கத் தரையைத்தான் பார்க்க வேண்டும், அடி அடியாக. தம்பியைத் தேட அதைவிட நல்ல வழி ஏது?

கூட வந்தவள் ட்ரூடி ஹாஸ்லம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், விடுமுறைக்கு இந்த வேலை. வாய் ஓயாது.

வேலை இப்படி. செடிகளைக் கணக்கெடுக்க நிலத்தில் நேர்கோடுகளாக இடம் குறித்திருப்பார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனையிலும் முறுக்குக் கம்பி அடித்திருக்கும். தீ அணைந்த இலையுதிர் காலத்திலேயே வெளியூர்க் கூட்டம் ஒன்று வந்து அடித்துவிட்டுப் போனது. அந்தக் கம்பியைப் பிடுங்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. நகர்ந்தால் போன வருஷத்தோடு ஒப்பிட முடியாது. இரண்டு கம்பிக்கும் நடுவே டேப்பை இழுத்துக் கட்டி, ஒருத்தி மெல்லிய ஊசியைத் தரைக்கு நேராக விடுவாள். ஊசி எதில் படுகிறதோ அதைக் கூவுவாள். மற்றவள் அதைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வாள். தப்பாகக் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அப்படி ஒரு பழக்கம்.

"கள்ளப்புல்."

"கள்ளப்புல்."

"வெறும் மண்."

"வெறும் மண். ஏன்டி தெல்ஃபி, பஸ்ஸுல நாப்பது பிசாசு கத்துறதையே தாங்கிட்டேன். இந்த ஊமை நெலம் ஒரு நாளைக்கு என்னைக் கொன்னுடும்."

"பேசிக்கிட்டே எழுது. வெறும் மண்."

"வெறும் மண். இதுக்கா காலேஜுல படிக்கிறாங்க?"

ட்ரூடி சொன்னது சரிதான். வெந்த இடத்தில் சத்தம் கிடையாது. குருவி உட்காரக் கிளை இல்லை, முயல் ஒளியப் புதர் இல்லை. காற்று அடிக்கும், ஆனால் அது உரச எதுவும் இல்லாததால் அதற்கும் குரல் இல்லை.

பாறை விளிம்புக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. அதன் கிழக்கு முனைக் கம்பி மற்றதைவிட மெலிசு. முதல் கோடையில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் வருஷம் ஏப்ரல் விடுமுறையில் போனபோது மற்ற கம்பிகளெல்லாம் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தன. இது மட்டும் ஆஸ்பத்திரிப் பாத்திரம் போல வெளுப்பாக நின்றது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றுமே முளைக்கவில்லை. கள்ளப்புல் கல்லிடுக்கில்கூட வரும், அங்கே வரவில்லை. அன்று காலையில் உறைபனி. நிலமெல்லாம் உப்புத் தூவின மாதிரி இருக்க, அந்தச் சாண் வட்டம் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அடையாளத்துக்கு அவர்கள் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடா சுருங்கி மணி போலத் திரண்டிருந்தது.

"வெயில்ல சுருங்கியிருக்கும்," என்றாள் தெல்ஃபினா.

"மத்த நாடாவெல்லாம் வேற வெயில்ல இருந்துச்சா?" என்றாள் ட்ரூடி. இருந்தாலும் புதிதாக ஒன்று கட்டினாள்.

மேற்கிலிருந்து ஊசி விட்டுக்கொண்டே வந்தார்கள். கிழக்கு முனை நெருங்கியது.

"வெறும் மண்," என்றாள் தெல்ஃபினா.

"வெறும் மண்," என்று திரும்பி வந்தது.

தெல்ஃபினா ஊசியை அடுத்த இடத்துக்கு எடுத்தாள். அப்போது ட்ரூடி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெறும் மண்" என்றாள்.

தெல்ஃபினா நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு தரம் சொல்றே."

"எங்கடி? இப்பத்தான் சொன்னேன். தண்ணி குடிச்சிட்டிருந்தேன்ல."

அவள் கையில் தண்ணீர்ப் பாட்டில் திறந்தபடி இருந்தது. பாறையில் பட்ட எதிரொலி என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். மற்ற முனையில் போய்க் கத்திப் பார்த்தார்கள், எதிரொலி இல்லை. திரும்பும் வழியில் வண்டியில் ட்ரூடி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று தெல்ஃபினா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

மூன்றாம் வருஷம் குளிர் கொடுமை. பனி இறுகும்போது மண் வீங்கும். உள்ளே இருப்பதை மேலே தள்ளும். வேலிக்காலையே பிடுங்கிப் போட்டுவிடும். வசந்தத்தில் அந்தக் கோட்டுக்குப் போனபோது கிழக்கு முனைக் கம்பி ஒரு சாண் மேலே எழும்பி, சற்றே சாய்ந்து நின்றது. நாடா இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

டேப்பைக் கட்டக் குனிந்த தெல்ஃபினா அப்படியே நின்றுவிட்டாள். மண்ணுக்குள் இருந்த பாகத்தில் துளைகள் தெரிந்தன. ஒன்று நேராக, ஒன்று சரிவாக. அடையாளக் கம்பிக்கு யார் துளை போடுவார்கள்?

அவளுக்கு அந்தத் துளைகள் தெரியும். குதிரை மேலே விழுந்து பெயோவின் கால் எலும்பு முறிந்த வருஷம், டாக்டர் உள்ளே கம்பி வைத்துத் தைத்தார். அந்த எக்ஸ்ரே படத்தைச் சித்தி சமையலறை ஜன்னலில் ஒட்டிவைத்திருந்தாள். குளிர்காலம் முழுக்க வெளிச்சம் அதன் வழியாகத்தான் வந்தது. சாம்பல் நிற எலும்பு, நடுவே வெள்ளைக் கம்பி, மேலே நேராக ஒரு துளை, அடுத்தது சரிவாக.

"என்னடி? சீக்கிரம் கூவு," என்றாள் ட்ரூடி.

தெல்ஃபினா வாய் திறக்கவில்லை.

"சரி, எழுதிட்டேன். ஆனா அப்படின்னு ஒரு செடி பட்டியல்ல இல்லையே."

"எப்படின்னு?"

"'நான்தான்'னு. நீதானே இப்ப சொன்னே?"

தெல்ஃபினா மெல்ல மண்ணில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் அந்தக் கம்பியில் டேப்பின் கொக்கியை மாட்டியிருக்கிறாள். கொக்கி வழுக்கினால் பூட்ஸால் தட்டி இறுக்கியிருக்கிறாள்.

"தொடாத. அதைப் பிடுங்கினா கோடு போச்சு. மூணு வருஷ வேலை," என்றாள் ட்ரூடி பழக்கத்தில். பிறகு தெல்ஃபினாவின் முகத்தைப் பார்த்தாள். வண்டிக்குப் போய்ப் புதுக் கம்பியும் சுத்தியலும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஷெரீப் ஆபீஸில் கம்பியில் பொறித்த எண்ணை ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார்கள். பெயோதான். முதலில் கோடு போட்ட கூட்டத்தில் ஒருவனைத் தேடிப் பிடித்தார்கள். அவன் போனில் அழுதானாம். கடைசிக் கோட்டுக்கு ஒரு கம்பி குறைந்தது. சாம்பலில் ஒன்று கிடந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் புதரைப் புரட்டினாலும் பழைய இரும்பு இருக்கும், வண்டி அச்சோ வேலி ஆணியோ என்று நினைத்து எடுத்து அடித்துவிட்டான். எங்கிருந்து எடுத்தான் என்று அவனுக்கு இப்போது நினைவில்லை. நாய்களை விட்டுத் தேடினார்கள். சுண்ணாம்பு போலச் சில துணுக்குகள் கிடைத்தன. மனிதனுடையதா மாட்டினுடையதா என்று சொல்ல முடியவில்லை. அந்தத் தீயில் இரண்டும் ஒன்றுதான்.

ஆக, கையில் இருந்தது கம்பி மட்டும். சித்தி கேட்டது மகனில் ஒரு துண்டு. இது டாக்டர் வைத்தது. இதை அவள் ஏற்றுக்கொள்வாளா? மறுத்துவிட்டால் இனிக் கொடுக்க வேறொன்றும் இல்லை.

அதனால்தான் தெல்ஃபினா என்னை அழைத்தாள். "அண்ணே, நீயும் வா. அம்மா தூக்கி எறிஞ்சாலும் எறியும்."

போனோம். சித்தி பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். தெல்ஃபினா துணியைப் பிரித்துக் கம்பியை மேசைமேல் வைத்தாள், பெயோவின் தட்டுக்குப் பக்கத்தில்.

சித்தி வெகுநேரம் பார்த்தாள். "நான் எம்புள்ளையக் கேட்டேன். இது ஆஸ்பத்திரிக்காரன் இரும்பு."

"அம்மா, இருவது வருஷம் அவன் உள்ள இருந்தது."

"இருந்தா? என் வாயிலகூடத்தான் பல்லு கட்டியிருக்கான் டாக்டரு. அது நானாயிடுமா?"

"சித்தி, கையில எடுத்துத்தான் பாரேன்," என்றேன் நான்.

"நீ சும்மா இரு. உங்கம்மாவும் இப்படித்தான், கேக்காத எடத்துல புத்தி சொல்லுவா."

ஆனாலும் கையை நீட்டினாள். எடுத்த வேகத்தில் கீழே போட்டாள். தட்டில் பட்டு அது ஒலித்தது. தன் விரல்களைப் பார்த்தாள், ஊதிக்கொண்டாள்.

"சுடுதே," என்றாள். குரல் மாறிவிட்டது. "எம்புள்ளைக்கு இன்னும் சுடுதேடி. மூணு வருஷமா ஒருத்தருக்கும் தெரியலையா?"

தெல்ஃபினா கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சில்லென்றிருந்தது. நானும் தொட்டேன். எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை.

சித்தி எழுந்தாள். பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் பிடித்தாள். துவாலையை நனைத்துக் கம்பியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், காய்ச்சல் வந்த பிள்ளையை வைத்துக்கொள்வது போல. "பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பு. மெழுகு எடுத்து வையி," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பூசை வைக்க முடிந்தது. அதுவரை தாயும் மகளும் முறைபோட்டு உட்கார்ந்து துவாலையை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். நனைக்க நனைக்கக் காய்ந்தது. எங்கள் பக்கத்துக் காற்றில் எந்தத் துணியும் காயும்தான். ஆனால் அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட என் சட்டை மூன்று நாளாகியும் உலரவில்லை.

கோவிலில் சித்தி மெழுகுச் சுருளைத் தன் கையாலேயே ஏற்றினாள். சுடர் ஆடாமல் நின்றது. தெல்ஃபினா மடியில் கம்பியைச் சுற்றி வைத்திருந்த துவாலையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து, "அண்ணே, ஈரமாவே இருக்கு," என்றாள்.