பாதிக் கிணறு

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வைகாசி. எனக்குக் கல்யாணமான புதிது. திருச்சியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், ஓர் அறையும் அடுக்களையுமாக ஒரு வாடகை வீடு. என் மனைவி வையம்பட்டிப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவுக்கு அங்கே கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். முதல் பதினைந்து நாள் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போகக் கிளம்பினோம். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆறு முழுக்க மணல். நடுவில் வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பாலம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டாள். கல் வளைவுகளின்மேல் என்றேன். வளைவாக வைத்த கல் எப்படி விழாமல் இருக்கிறது என்றாள். எட்டு வருஷமாகத் தினம் இரண்டு தடவை அந்தப் பாலத்தைக் கடப்பவன் நான். ஒருநாளும் அதை யோசித்ததில்லை. தெரியவில்லை என்றேன்.

"எறங்கிப் பாக்கலாமாங்க?" என்றாள்.

பாலம் முடிகிற இடத்தில் இறங்கிக்கொண்டோம். படித்துறை வழியாக மணலுக்குப் போனோம். செருப்புக்குள் மணல் புகுந்து சுட்டது. கடைசிப் பத்தடியை ஓடியே கடந்து ஒரு வளைவின் நிழலுக்குள் புகுந்தோம்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கல் இடுக்குகளில் சுண்ணாம்பு வழிந்து வெள்ளை வெள்ளையாக உறைந்திருந்தது. தலைக்கு மேல் ஒரு பஸ் போயிற்று. தூணில் உள்ளங்கையை வைத்து நின்றவள், என் கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். கல்லுக்குள் லேசாக ஓர் அதிர்வு. அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பஸ் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை. அவள் கவனமோ மேலே இருந்தது.

"எங்க கெணறு மாதிரி இருக்குங்க."

கிணற்றுக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு மழையில் அவர்கள் கிணற்றில் மண் சரிந்து, உள்ளே சுற்றிக் கல் கட்டினார்களாம். ஒவ்வொரு கல்லையும் உள்பக்கம் குறுகலாகச் செதுக்கி வட்டமாக அடுக்கினார்களாம். சுற்றிலும் மண் நெருக்க நெருக்கக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டனவாம். ஒரு குச்சியை எடுத்து மணலில் வட்டம் போட்டாள். குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"பாதிக் கெணத்தை எடுத்து நிமித்தி வச்சிருக்காங்க. மேல பாரம் ஏற ஏற இறுகும். ஒரு கல்லு விழணும்னா பக்கத்துக் கல்லு வழி விடணும்ல?"

எனக்குப் புரிந்தது. உடனே இன்னொரு சந்தேகமும் வந்தது. கிணற்றில் அடியிலிருந்து கட்டிக்கொண்டு வரலாம். இங்கே பாதி கட்டின வளைவு அந்தரத்தில் எப்படி நிற்கும்? அவளுக்கும் தெரியவில்லை. கடைவீதிக்குப் போகாமலே திரும்பினோம். வழியெல்லாம் அதே பேச்சு.

திங்கட்கிழமை, பொதுப்பணித் துறையில் தெரிந்த ஓவர்சியர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மரத்தால் வளைவாகச் சாரம் கட்டுவார்கள், அதன்மேல் இரண்டு பக்கமிருந்தும் கல்லை அடுக்கி, உச்சிக் கல்லை இறக்கிய பிறகு சாரத்தை உருவிவிடுவார்கள் என்றார். சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களைக்குப் போய் அவளிடம் சொன்னேன். கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாரத்தை உருவறப்ப அடியில யாருங்க நின்னிருப்பாங்க?" என்றாள்.

அதை நான் கேட்டுக்கொண்டு வரவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். ஓவர்சியர் பேனாவைக் கீழே வைத்தார். தமக்கும் தெரியாது என்றார்.