பாதியில் திருகிய வால்வு

நேற்று புத்தூர்க் கடையில் ஒரு எவர்சில்வர் அண்டாவைத் தூக்கி உள்ளே மோந்து பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். உங்களுக்குத்தான் சொல்கிறேன், கழுவாத புதுப் பாத்திரத்தில் பிரஸ் எண்ணெய் வாடை லேசாக இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் என் தலைமுடியில் அந்த வாடைதான். பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்ததற்கு அதுவும் ஒரு காரணம், மூஞ்சி மட்டும் இல்லை.

ஆந்திரப் பக்கம், வடமாலபேட்டை ரோட்டில் பாத்திரக் கம்பெனி. தகட்டுக்கு எண்ணெய் தடவுவது நான், அதை அழுத்திப் பாத்திரமாக்கும் பிரஸ்ஸை ஓட்டுவது என் அண்ணன். ஊரே மெட்ராஸுக்கும் மஸ்கட்டுக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். அண்ணனைப் பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆகிவிட்டால் ஊரோடு இருப்பான், அப்பாவை, எங்கள் நைனாவை, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வான். எங்கள் வீட்டில் அதற்குமேல் யாருக்கும் பேராசை கிடையாது.

எவர்சில்வருக்கு ரோஷம் அதிகம். இழுக்க இழுக்க இறுகும். பிரஸ் ஒரே சீராக இறங்கினால் தகடு குழிந்து கொடுக்கும். பாதியில் திடீரென்று வேகத்தைக் கூட்டினால், இறுகி நிற்கிற தகடு இன்னும் முரண்டு பிடித்து அடியோரம் கிழியும். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே முதலாளிதான்.

ஏற்றுமதி ஆர்டர் கொடுக்க பெங்களூரிலிருந்து வந்தவர், "இவ்ளோ ஸ்லோவா?" என்று கேட்டுவிட்டார். முதலாளிக்கு மானம் போயிற்று. பிரஸ் பாதி இறங்கியிருக்கையில் வேக வால்வில் கை வைத்தார்.

"சார், எறங்கிக்கினு கீது. மேல ஏறட்டும், அப்பறம் கூட்டிக்கலாம்," என்றான் அண்ணன்.

திருகிவிட்டார். படாரென்று சத்தம். அண்டாவின் அடி தனியே வந்துவிட்டது.

முதலாளி அண்ணன் பக்கம் திரும்பினார். "பனி தெலியதுரா நீக்கு. நாளைலருந்து வராத."

அவனுக்கு வேலை தெரியாதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

அண்ணன் மஸ்கட் போனான். நைனா செத்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தான்.

கம்பெனியும் அதற்குள் போய்விட்டிருந்தது. அங்கே பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தார்கள். முதலாளி மட்டும் துக்கம் கேட்க வந்தார். அம்மா நாற்காலி போட்டாள்.

"பெரியவன் எங்கம்மா? நம்ம கம்பெனிலயே இருந்திருந்தா பர்மனென்ட் பண்ணியிருப்பனே. இந்தக் காலத்துப் பசங்க எங்க ஒரு எடத்துல நிக்கறாங்க?"

நடிக்கிறாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை.